நேர்ந்துகொள்ளாத முடி

வேகத்தடை வருவதற்கு முன்பே என் வயிறு இறுகிவிடுகிறது. என் வயிற்றில் ஒன்றும் இல்லை. இருப்பது என் மனைவி மீனாவின் வயிற்றில். அவள் இந்நேரம் பள்ளிக்கூட வேலை முடிந்து, ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பவன் நான். ஆனாலும் கேட்டைத் தாண்டி முதல் தடை வரும்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைச் சற்றுத் தூக்கி, மூச்சை நிறுத்தி, முன்சக்கரம் ஏறி இறங்கி, பின்சக்கரமும் ஏறி இறங்கிய பிறகுதான் சரியாக உட்காருகிறேன். கப்பலூரிலிருந்து பழங்காநத்தம் வரை எங்கெங்கே தடை இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். போன மாதம் வரை தெரியாது. மஞ்சள் பட்டை அழிந்துபோனவை, பட்டையே போடாதவை, கல்யாண மண்டபத்துக்காரர் யாரையும் கேட்காமல் தானாகப் போட்டுக்கொண்டது. தெரிந்து என்ன ஆகப்போகிறது, மீனா இந்தச் சாலையில் வருவதே இல்லை. அவள் போகிற சாலை வேறு. சனிக்கிழமை போகப்போகிற சாலை வேறு. போகப்போகிறோமா என்பதே இன்னும் தெரியவில்லை. தெரியாததை வைத்துக்கொண்டு இருக்க எனக்கு வராது. அதனால் தெரிந்த சாலையில் பயப்பட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். பின்சீட்டில் அமலும் காஜாவும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருகிறார்கள். ரெண்டாவது சனி, லீவு. காஜாவின் மச்சான் கார். திருச்செந்தூர், அங்கிருந்து அமலின் ஊரான மணப்பாடு, ஞாயிறு திரும்புவது. எல்லாம் எனக்காக. என் தலைமுடிக்காக.

"விடியக்காலையில கிளம்பிரணும். வெயில் ஏறுறதுக்குள்ள மொட்டையப் போட்டுக் கடல்ல ஒரு முக்கு முக்கி எடுத்துரலாம்" என்கிறான் அமல். "ஆளையா, தலையையா?" என்கிறான் காஜா. "ரெண்டும் ஒன்னுதான்டா, முடி போச்சுன்னா இருளப்பன்ல மிச்சம் என்ன இருக்கு?" பக்கத்து வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். நானும் திரும்பிச் சிரிக்கிறேன். சிரித்துவிட்டு மறுபடி முன்னால் பார்க்கிறேன். காஜா, அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி, நாலு வழிச்சாலை, சல்லென்று போய்விடலாம் என்கிறான். அமலுக்கு விருதுநகர் வழிதான் வேண்டும். "எண்ணெய்ப் புரோட்டா திங்காமக் கடலுக்குப் போறவன் மனுசனா?" "விடியக்காலையில எவன்டா ஒனக்குப் புரோட்டா போடுவான், கல்லே அப்பத்தான் கழுவுவாய்ங்க." "அப்ப வரும்போது." "வரும்போது தூத்துக்குடி மக்ரூன்னு சொன்ன." "ரெண்டும் திம்போம்டா, வயிறு என்ன வாடகை வீடா?" வயிறு என்கிற சொல் வந்ததும் நான் கம்பியைப் பிடிக்கிறேன். தடை ஒன்றும் வரவில்லை. அமலின் குரல் என் காதுக்குப் பக்கத்தில் வருகிறது. "டேய், தங்கச்சி மீன் சாப்பிடும்ல? எங்கம்மா ஊளி மீனு சொல்லி வைக்கிறேன்னுச்சு." சாப்பிடுவாள். இப்போது சாப்பிட மாட்டாள். மீன்காரர் தெருவில் மணியடித்துப் போனாலே கதவைச் சாத்திக்கொண்டு மூக்கைப் பொத்துகிறாள். அதை எப்படிச் சொல்வது? "சாப்பிடும்டா" என்கிறேன். இது ஒரு பொய். இதற்கு மேலே பெரிய பொய் ஒன்று இருக்கும்போது இது சின்னது. "அப்ப வர்றீங்கதான?" என்கிறான் காஜா. "பழங்காநத்தத்துல எறங்குறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிரு மாப்ள. நைட்டு மச்சான்ட்ட கார் கேக்கணும். கடைசி நேரத்துல கேட்டா அக்காகிட்ட போட்டுக் குடுத்துருவாரு."

மேலே இருக்கிற பொய்யைச் செய்தவனும் நான்தான். அது வளர்ந்த விதம் மட்டும் என் கையில் இல்லை. மீனாவுக்கு நாள் தள்ளிப்போய், பரிசோதித்துப் பார்த்துத் தெரிந்த காலையிலிருந்து நான் முடி வெட்டவில்லை, சவரம் செய்யவில்லை. எங்கள் பக்கம் அப்படி. பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் தலையில் கத்தி படக் கூடாது. கடலில் குளிக்கக் கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. தேங்காய் உடைக்கக் கூடாது. வாசல் நிலையில் ஆணி அடிக்கக் கூடாது. சில வீடுகளில் ஏழாம் மாதத்துக்குப் பிறகுதான் இதெல்லாம். என் அம்மாவுக்கு முதலிலிருந்தே. அம்மாவுக்கு இந்தத் தடவை இன்னும் நாங்கள் சொல்லவில்லை. யாருக்குமே சொல்லவில்லை, மூன்று மாதம் நிறையட்டும் என்று வைத்திருக்கிறோம். யாரும் சொல்லாமலே நானாகத்தான் கத்தியை ஒதுக்கி வைத்தேன். டிகிரி படித்தவன், எங்கள் தெருவில் முதலில் படித்தவன், நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். இல்லை என்பது உண்மையும்கூட. ஆனால் கண்ணாடி முன் ரேசரைக் கையில் எடுத்தால் கை அங்கேயே நிற்கிறது. தாடி வளர்ந்தது. கேன்டீனில் ஒருநாள் எல்லார் முன்னாலும் அமல் கேட்டான், "கல்யாணம் ஆனவனுக்கு எதுக்குடா லவ் ஃபெயிலியர் தாடி?" சூப்பர்வைசரும் தட்டோடு நின்று என் வாயைப் பார்த்தார். கோயிலுக்கு என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். திருப்பரங்குன்றம் என்று சொல்லியிருக்கலாம், போகிற வழிதான், அதனால் சொல்லவில்லை. நாளைக்கே இறக்கிவிட்டு வா என்பார்கள். பழனி என்றாலும் ஒரு பஸ் ஏறினால் போதும். தூரமாக இருக்கட்டும் என்று யோசித்து, அந்த ஒரு நொடிக்குள் எவ்வளவு கவனமாக யோசித்தேன், "திருச்செந்தூருக்கு நேர்ந்திருக்கேன், எப்பப் போக முடியுமோ தெரியல" என்றேன். அமல் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான். "டேய், எங்க ஊருக்குப் பக்கத்துலடா! நான் கூட்டிட்டுப் போறேன்டா ஒன்னைய!" மொட்டையும் கடல்குளியலும். எந்த இரண்டைச் செய்யக் கூடாது என்பதற்காகப் பொய் சொன்னேனோ, அந்த இரண்டையும் செய்துவைக்க ஒரு கிறிஸ்தவனும் ஒரு முஸ்லிமும் வண்டி பிடிக்கிறார்கள். அழகுக்கு வளர்க்கிற தாடிக்கு இப்படிச் சொல்லிவிட்டேன் என்று மீனாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "முருகனையே பொய்ச்சாட்சிக்குக் கூப்ட்டீங்களா?" சிரிக்கும்போது வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டாள். அப்படிச் சிரிக்கலாமா என்று நான் யோசித்தேன்.

திருநகரில் பஸ் நிற்கிறது, இருவர் இறங்குகிறார்கள், மாலை வெயில் என் பக்கத்து ஜன்னலில் விழுகிறது. தாடிக்குள் வேர்க்கிறது. போன தடவை தாடி மழைக்காலத்தில் வளர்ந்தது, ஈரம் காயாமல் அரித்தது. போன தடவை என்று நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். நினைக்கக் கூடாது என்று வைத்ததுதான் முதலில் வருகிறது. போன தடவை அம்மாவுக்கு உடனே சொன்னோம். அம்மா எழுமலையிலிருந்து துணிமணியோடு வந்து இறங்கி, மீனாவை வேலையை விடச் சொல்லி, கட்டிலின் தலைமாட்டைத் திருப்பிப் போட்டு, எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தது. நான் ஒன்றுவிடாமல் செய்தேன். சிரித்துக்கொண்டே செய்தேன், அம்மாவுக்காகச் செய்கிறேன் என்று மீனாவிடம் சொல்லிக்கொண்டு. பிள்ளையார் கோயிலில் விடலைத் தேங்காயைக் கையில் கொடுத்தார்கள், பக்கத்தில் நின்றவரிடம் தள்ளிவிட்டேன். நாள்காட்டி மாட்ட ஆணி அடிக்கவில்லை, அது வருஷம் முடியும்வரை பீரோ மேலேயே கிடந்தது. மீனா படியிறங்கவில்லை. கோயில் இல்லை, கடை இல்லை, மொட்டைமாடிகூட இல்லை. ஜன்னல் வழியாக எதிர்வீட்டு முருங்கைமரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படி இருந்தும் மூன்றாம் மாதம் முடிகிற சமயத்தில் ஒரு காலை குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள், பெயர் சொல்லி. அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

காரணம் எதுவும் கிடையாது என்றார் டாக்டரம்மா. நிறையப் பேருக்கு இப்படி ஆகும், யார் செய்த தப்பும் இல்லை, அடுத்தது நன்றாக நிற்கும். தன்மையாகத்தான் சொன்னார். என்னால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. என் வேலை அப்படி. பிரேக்குக்கான ரப்பர் வளையங்களை அளந்து பார்க்கிறவன் நான். ஒன்று அளவு தவறிவிட்டால் சிவப்புத் தொட்டியில் போட்டால் மட்டும் போதாது, ஏன் தவறியது என்று எழுத வேண்டும். சூடு கூடிவிட்டதா, அச்சு தேய்ந்துவிட்டதா, ஆள் மாறினானா? 'தெரியவில்லை' என்று எழுதினால் தாள் என் மேசைக்கே திரும்பி வரும். காரணம் இல்லாமல் எதுவும் வீணாவதில்லை என்று காலையிலிருந்து மாலை வரை நம்பிச் சம்பளம் வாங்குகிறவனிடம், காரணம் கிடையாது என்றால்? ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டிருந்தபோது ஊருக்குப் போயிருந்த அம்மா போனில் அழுதது. அழுகைக்கு நடுவே கேட்டது, "எங்கயாச்சும் போனியாய்யா? எதையாச்சும் மிதிச்சியா?" நான் யோசித்தேன். அதை இன்றுவரை என்னால் தாண்ட முடியவில்லை, உள்ளே மீனா படுத்திருக்க, நான் நின்று யோசித்தேன். தலையில் கத்தி படவில்லை. கடல் பக்கம் போகவில்லை. தேங்காய், ஆணி, சாவு வீடு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. லேசானது. "நான் ஒரு தப்பும் பண்ணலம்மா" என்றேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும். கதவு திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. உள்ளே போனபோது மீனா கூரையைப் பார்த்தபடி, என்னைப் பார்க்காமல், "நானுந்தான ஒன்னும் பண்ணல" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் இப்போதும் தேடுகிறேன். பல பதில்கள் கிடைத்திருக்கின்றன. எல்லாம் நேரம் கடந்தவை.

"மாப்ள, தூங்கிட்டியா?" காஜா தோளைத் தட்டுகிறான். "இல்லடா." "மேப்ப பாத்தியா, அனுப்பிருக்கேன்." பார்த்தேன். நேற்றே பார்த்தேன். அந்த நீலநிறப் பாதையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ரிங்ரோட்டிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி என்று போனேன். எங்கே பாலம் வேலை நடக்கிறது, எங்கே ஊருக்குள் நுழைகிறது, எங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, பெரியதா சின்னதா என்று பார்த்தேன். தூத்துக்குடிக்கு அப்புறம் உப்பளம். உப்பளத்துக்கு நடுவே போகும்போது மீனாவுக்கு வலி வந்தால்? இரண்டு பக்கமும் வெள்ளையாகக் குவித்து வைத்திருப்பார்கள், தார்ப்பாய் போட்டு மூடி, ஆள் இருக்க மாட்டார்கள். அமல் என்ன ஆச்சு என்ன ஆச்சு என்பான். காஜா காரை ஓரங்கட்டுவான். நான் பின்சீட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்போதும் அம்மாவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பேனா? ஆறுமுகநேரி, காயல்பட்டினம், அப்புறம் காற்றில் உப்பு. கடற்கரை. மணலில் நடந்தால் இடுப்பு வலிக்குமா? டாக்டரம்மாவிடம் மீனா கேட்டுவிட்டாள், எனக்குத் தெரியாமல். நடுவில் நிறுத்தி நிறுத்திப் போனால் போகலாம் என்று சொல்லிவிட்டாராம். "டாக்டரே சொல்லிட்டாங்க, அப்பறம் என்ன?" "இன்னும் மூனு மாசம் முடியலையே மீனா, அது முடிஞ்சப்பறம் போவோம், பாண்டிச்சேரிக்குக்கூடப் போவோம்." நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இது. அவள் ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். மேலே தெளிவு, கீழே மண்டி. கலக்கிக் கலக்கி ஒன்றாக்கினாள். "போன தடவை எவ்வளவு பத்திரமா இருந்தோம்" என்றாள். "ஆமா." "அதை எங்கயுமே கூட்டிட்டுப் போகலங்க. அந்த முருங்கைமரத்தத் தவிர அதுக்கு எதையுமே காட்டல." நான் தட்டைப் பார்த்தேன். "இது இருக்குமோ இருக்காதோ எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. இருக்கும்போதே ஒரு தடவை கடலப் பாக்கட்டும். நீங்க கரையில நில்லுங்க. நாங்க ரெண்டு பேரும் காலை நனைச்சிட்டு வந்துர்றோம்." அப்போதுதான் தெரிந்தது, தாடி எதற்கு என்று அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அழகுக்கு வளர்க்கிறேன் என்று நான் சொன்னதை ஒரு மாதமாக என் மரியாதைக்காக நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

திருப்பரங்குன்றம் வருகிறது. வலது பக்கம் மலை. நான் இடது பக்க ஜன்னலில்தான் உட்காருகிறேன், இந்த ஒரு மாதமாக. முன்பு வலது பக்கம் உட்காருவேன், மலை தெரிந்ததும் நெற்றியைத் தொட்டுக்கொள்வேன், பழக்கம், பக்தி என்று சொல்ல மாட்டேன். இப்போது தொட முடியவில்லை. நேர்ந்தேன் என்று ஊர் முன்னால் சொன்னது நேர்ந்ததாகிவிடுமா? மனசில் நினைக்காமல் வாயால் மட்டும் சொன்னால்? சாமிக்கு வாயா மனசா, எது கணக்கு? கணக்கே இல்லை, நான் நம்புவதில்லை. நம்பாதவன் ஏன் இடது பக்கம் உட்காருகிறான்? மொட்டை போட்டால் அம்மா சொன்ன வழக்கம் உடைகிறது. போடாவிட்டால் சாமி பெயரைச் சொல்லி ஏமாற்றியதாகிறது. இரண்டில் எதைச் செய்தாலும், பிறகு ஏதாவது ஆகிவிட்டால், இதனால்தான் என்று சொல்ல ஒன்று தயாராக இருக்கிறது. இரண்டிலும் தப்பிக்க ஒரு வழி உண்டு. போகாமல் இருப்பது. மீனாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். இன்னொரு பொய். வீட்டில் இருப்போம். முருங்கைமரம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அப்படி இருந்தும் ஆகிவிட்டால்? அப்போது நான் ஒரு தப்பும் பண்ணலம்மா என்று சொல்லலாம். இங்கே என் நினைப்பு ஒரு முள்ளில் சேலை மாட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. முன்னால் போகவில்லை. பஸ் மேம்பாலத்தில் ஏறுகிறது, இன்ஜின் முக்குகிறது. இத்தனை நாளாகச் சாலையைப் பார்த்தது, ஆஸ்பத்திரிகளைத் தேடியது, தடைகளை மனப்பாடம் செய்தது எல்லாம் பயணத்துக்கான ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அம்மாவின் அந்தப் போனுக்கான ஏற்பாடு. எதையாச்சும் மிதிச்சியா என்று கேட்கும்போது இல்லை என்று சொல்வதற்கான ஏற்பாடு. குழந்தை போய்விடுமோ என்று பயப்படுகிறேனா, போனால் என் பெயர் அதில் வந்துவிடுமோ என்று பயப்படுகிறேனா? இரண்டும்தான் என்று சொல்லிப் பார்க்கிறேன். இரண்டும்தான், ஆனால் எது முதலில் வருகிறது என்று எனக்குத் தெரியும், அந்த ஆஸ்பத்திரி நடையில் நெஞ்சிலிருந்து இறங்கியது என்ன என்று எனக்குத் தெரியும்.

பின்னால் காஜா ஏதோ பாட்டை முணுமுணுக்கிறான். அவனிடம் காய்ச்சல் என்று சொல்ல முடியுமா? சொன்னால் நம்புவான். அதுதான் கஷ்டம். போன மழைக்காலத்தில் அவனுடைய அப்பா, அவன் அத்தா என்பான், இறந்துபோனார். அவர் எனக்கு எத்தனையோ தடவை நோன்புக்கஞ்சி ஊற்றிக் கொடுத்தவர், என்னைப் பெயர் சொல்லாமல் "இஞ்சினியரு" என்றே கூப்பிட்டவர், நான் இன்ஜினியரிங் படிக்கவில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும். அன்று கம்பெனியே போனது. நானும் கிளம்பினேன். தெருமுனை டீக்கடை வரை போனேன். அங்கிருந்து பார்த்தால் பந்தல் தெரிந்தது, நாற்காலிகள், அமலின் முதுகு, தொப்பி போட்டவர்களுக்கு நடுவே காஜா. இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் சாவு வீடு. கால் நின்றுவிட்டது. திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் உடம்பு சரியில்லை என்றேன். "பரவால்ல மாப்ள" என்றான் காஜா. அவன் அதற்கப்புறம் அதைப் பேசியதே இல்லை. மீனாவுக்கு நடந்ததும் அவனுக்குத் தெரியாது. இருந்ததே கம்பெனியில் யாருக்கும் தெரியாது என்பதால், போனதும் யாருக்கும் தெரியவில்லை. என் நேர்த்திக்கடனுக்காக மச்சானிடம் கார் கேட்டு நிற்கப்போகிறவன் அவன். பசுமலை தாண்டிவிட்டது. அம்மா கேட்டால் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்: ஆமாம்மா, கடல் வரைக்கும் போனோம். இன்னொரு தடவை. கடல் வரைக்கும் போனோம், நான்தான் கூட்டிட்டுப் போனேன். சொல்ல முடிந்தது. அடுத்த தடை வருவதற்குள் திரும்பி, என் சீட்டின் முதுகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "காஜா" என்றேன்.

"சொல்லு மாப்ள."

"நான் நேர்ந்துக்கலடா."

"எதை?" என்றான் அமல்.

"மொட்டைய. திருச்செந்தூருக்கு நான் நேர்ந்துக்கவே இல்ல. அன்னைக்கு எல்லாரும் கேட்டீங்கன்னு சும்மா சொன்னேன்."

"சும்மாவா?" அமல் எழுந்தே விட்டான். "டேய், எங்கம்மா ஒனக்காகச் சிலுவைக் கோயில்ல மெழுகுவத்தி ஏத்திருச்சுடா! முருகனுக்கு நேர்ந்த புள்ள நல்லபடியா வந்து சேரணும்னு ஏசுகிட்ட சொல்லிட்டு வந்திருக்கு. இப்ப நான் அதுகிட்ட என்னன்னு சொல்லுவேன்? அப்பறம் எதுக்குடா இந்தக் காட்டை வளத்து வச்சிருக்க?"

அதை மட்டும் இப்போது சொல்வதற்கில்லை. மூன்று மாதம் நிறையட்டும். "மொட்டை போட மாட்டேன். கடல்ல எறங்க மாட்டேன். ஏன்னு மட்டும் கேக்காதீங்க" என்றேன். "ஆனா வர்றோம். மீனாவுக்குக் கடல் பாக்கணும். எனக்காக இல்ல, அவளுக்காகப் போவோம்."

காஜா சிரிக்கவில்லை. அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறாள். அவன் பார்வை என் தாடியில் வந்து நின்றது, முகத்துக்குப் போனது, கம்பியைப் பிடித்திருந்த என் கைக்கு வந்தது. பிறகு மெதுவாக, அமலுக்குக் கேட்காத குரலில், "அத்தா அடக்கத்தன்னைக்கு நீ டீக்கடை வரைக்கும் வந்து நின்னுட்டுத் திரும்பிப் போனேன்னு கடைக்காரரு சொன்னாரு" என்றான். "ரொம்ப நாளு யோசிச்சேன். அதுவும் இதுதானா?"

நான் தலையாட்டினேன். அவன் புரிந்துகொண்டான். புரிந்துகொண்டதும் அடுத்ததும் அவனுக்குத் தெரிய வந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் தரையில் ஓடி வந்து காலைத் தொடுவதைப் பார்ப்பதுபோல. போன மழைக்காலம். இப்போது. இரண்டுக்கும் நடுவில் என் வீட்டில் தொட்டில் இல்லை. அவன் கையை நீட்டி என் கை இருந்த கம்பியையே, என் கைக்குப் பக்கத்தில், பிடித்துக்கொண்டான்.

"என்னடா ரெண்டு பேரும் ஊமைப்படம் ஓட்டுறீங்க, எனக்கும் சொல்லுங்கடா" என்றான் அமல்.

"ஒனக்குக் கல்யாணம் ஆகட்டும், சொல்றேன்." காஜா தொண்டையைச் செருமிக்கொண்டான். "மச்சான் கார் வேணாம். பின்னாடி சஸ்பென்சன் போயிருச்சு, தூக்கித் தூக்கிப் போடும். பெரியத்தா மகன்ட்ட பெரிய வண்டி ஒன்னு இருக்கு, அலுங்காது. அதைக் கேக்குறேன்."

"காலையில தேரு மாதிரி போகும்னு சொன்னியே!"

"காலையில சொன்னேன். இப்ப வேணாங்கிறேன். விடியக்காலைலயும் கிளம்ப வேணாம். நல்லா வெளிச்சம் வரட்டும்." இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே சாலையைப் பார்த்தான். "இருட்டுல தடை தெரியாது. அப்பறம், அமலு, அம்மாட்ட மீனு வேணாம்னு சொல்லிரு."

"மீனு வேணாமா? மணப்பாட்டுக்கு வந்துட்டு மீனு வேணாமா?"

"ரசம் வைக்கச் சொல்லு."

பழங்காநத்தத்தில் இறங்கினேன். இறங்கும்போது அமல் முறைத்துக்கொண்டிருந்தான், அவன் அம்மாவிடம் நான் தனியாக ஒருநாள் பேச வேண்டியிருக்கும், முருகனிடமும். வெயில் இன்னும் இருந்தது. போனை எடுத்து மீனாவுக்கு, சனிக்கிழமை போறோம் என்று அடித்தேன். அனுப்புவதற்கு முன் வழக்கம்போல ஒரு வார்த்தை சேர்க்கத் தோன்றியது, பாப்போம், முடிஞ்சா, டாக்டர்ட்ட இன்னொரு தடவை கேட்டுட்டு. சேர்க்காமல் அனுப்பினேன். தலையை நிமிர்த்தியபோது பஸ் நகர்ந்துவிட்டிருந்தது. கடைசி ஜன்னலிலிருந்து காஜாவின் கை வெளியே வந்தது. டாட்டா காட்டுகிறான் என்று நினைத்தேன். இல்லை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, காற்றை மெல்ல மெல்ல அழுத்திக் காட்டினான், மெதுவா என்று டிரைவருக்குக் காட்டுவதுபோல. அந்தக் கையோடு பஸ் நிறுத்தத்துக்கு அப்பால் இருக்கிற தடையில் ஏறியது. முன்சக்கரம், பிறகு பின்சக்கரம். நான் தரையில் நின்றுகொண்டிருந்தேன், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை.